மேலே போன கக்கூஸ்

உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல், கால்சட்டை முழங்காலில் கிடக்க, கக்கூஸில் குந்தியபடியே நான் ஆகாயத்துக்கு ஏறியிருக்கிறேன். ஏறும்போது காற்றோட்டத் துவாரம் வழியாகப் பல்லேகல கிரிக்கெட் மைதானத்து விளக்குக் கம்பங்கள் தெரிந்தன. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் ஸ்கோரையும் பார்த்திருப்பேன்.

அந்தக் கக்கூஸ் திகனைக்கு இந்தப் பக்கம், ஜெயராணியின் சோற்றுக் கடைக்குப் பின்னால் இருக்கிறது. அதற்கும் பின்னால் இருப்பதை எல்லோரும் வயல் என்பார்கள். மாநகர சபையில் சாக்கடைக் கான் துப்புரவு மேற்பார்வையாளனாக இருந்து பென்ஷன் எடுத்தவன் நான். அது என்ன வயல் என்று எனக்குத் தெரியாதா? ஊரே கோழிக் குடலையும் பிள்ளைகளின் பேம்பர்ஸையும் கொண்டுபோய்ச் சேற்றில் கொட்டியது. மேலே புல் முளைத்ததும் வயல் என்று பெயர் வைத்துவிட்டது.

புது அதிவேகப் பாதை அதன் மேலேதான் வருகிறது. இளகிய நிலத்தில் கொஞ்சம் மண்ணைப் போட்டு, அடியிலுள்ள தண்ணீர் பிழிந்து வெளியேறும்வரை மாதக்கணக்கில் காத்திருந்து, பிறகுதான் அடுத்த படை போட வேண்டுமாம். அங்கே வேலை பார்க்கும் எஞ்சினியர் மிஸ் மதுஷா சொன்னது. திறப்பு விழாவுக்கு நாள் குறித்த பெரிய தலைகளுக்கு அந்தப் பொறுமை ஏது? மண் கொட்டும் ஒப்பந்தம் எடுத்த சாஹுல் ஹமீதின் டிப்பர் லொறிகள் விடியற்காலையிலிருந்து செம்மண்ணைக் கொட்டிக்கொண்டே இருந்தன. தன்னைவிட உயரமாக எவன் வருகிறான் என்று ஹந்தானை மலையே எட்டிப் பார்த்தது.

சாணியை மிதித்தால் விரலிடுக்கில் வருமே, அதே கதைதான். ரோடு கீழே அமுங்க, பக்கத்துச் சேறு மேலே பிதுங்கியது. ஜெயராணி சமைக்கும் குசினியின் வாசலில் கறுப்புத் தண்ணீர் கொப்புளித்தது. அழுகிய முட்டையும் செத்த எலியும் கல்யாணம் கட்டிக் குடும்பம் நடத்துகிற மாதிரி ஒரு நாற்றம். இறகுகள் மிதந்தன. வால் முளைத்த புழுக்கள் நெளிந்தன. அதில் ஒன்று தலையைத் தூக்கி எனக்கு வணக்கம் வைத்தது. காலமெல்லாம் கானுக்குள் மூக்கை விட்டுச் சம்பளம் வாங்கிய எனக்கே, குடித்த பிளேன்டீ தொண்டைவரை வந்து நின்றது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள இந்தத் தண்ணி நிக்கலேன்னா கடைய சீல் வைப்பாங்களாம் மிஸ்" என்றாள் ஜெயராணி. "சுகாதாரப் பரிசோதகர் சொல்லிட்டுப் போயிட்டாரு. மடுல்கெல்லையில தேயிலைத் தோட்டத்த விட்டுட்டு வந்து போட்ட கட. இத மூடினா நான் எங்க போறது?"

மதுஷா கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி நின்றார். "பக்கத்து நிலம் எழும்புதான்னு பாக்கத்தான் முளைக்குச்சி நட்டு வச்சேன். டிப்பர் ஏறி எல்லாத்தையும் சேத்துக்குள்ள அமுக்கிருச்சு. எழும்பினத நேர்ல கண்டவங்க ஒருத்தர் சொன்னாலும் போதும், நான் மண் கொட்டுறத நிப்பாட்டுவேன்."

"நான் இருக்கேனே மிஸ்" என்று கக்கூஸோடு ஏறியதை விளக்குக் கம்பம்வரைக்கும் விவரித்தேன். உண்மையை அலங்காரம் இல்லாமல் சபைக்குக் கூட்டிவரலாமா?

சாஹுல் ஹமீது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ராஜலிங்கம் அண்ணே, மகாவலியில முதலையோட கைகுலுக்கினதும் நீங்கதானே? மிஸ், இவர சாட்சின்னு சொன்னா மேலிடத்துல உங்களையும் சேத்துச் சிரிப்பாங்க."

மதுஷா என் முகத்தைப் பார்த்து, பெருமூச்சு விட்டார்.

"அப்ப இந்த நாத்தம் எங்கேருந்து வருது நானா?" என்று ஜெயராணி சாஹுல் ஹமீதைக் கேட்டாள். எங்கள் பக்கம் முஸ்லிம் அண்ணன்மார் எல்லோரும் நானாதான்.

"என்ன நாத்தம்? எனக்கு ஒண்டும் மணக்கல்ல. சோறு போடுங்க, சாப்பிட்டுக் காட்டுறேன்."

சாப்பிட்டார். உட்கார்ந்த கதிரைக்கு அடியில் கறுப்புத் தண்ணீர் செருப்பை நக்க, மூச்சை அடக்கிக்கொண்டு மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்தார். பருப்பில் செத்துக் கிடந்த ஈயைக் கறிவேப்பிலை மாதிரி ஓரத்தில் ஒதுக்கினார். வீம்புக்கு மறுசோறும் வாங்கினார். அது பாதியில் நின்றது. நெற்றியில் வேர்வை அரும்பியது. கை வயிற்றுக்குப் போனது.

"கக்கூஸ்..." என்றார்.

ஜெயராணி பின்பக்கம் விரலைக் காட்டினாள்.

கதவு சாத்திய கொஞ்ச நேரத்தில் மேட்டில் ஒரு டிப்பர் தொட்டியைத் தூக்கியது. அவருடைய டிப்பர், அவருடைய மண். தொம்மென்று விழுந்த சத்தத்துக்குப் பின்னால் சேறு ஒரு பெரிய ஏப்பம் விட்டது. கக்கூஸ் சுவர் முனகியது. உள்ளேயிருந்து, "கதவு தொறக்குதில்ல... ஜெயராணி, எல்லாம் மேல வருது" என்று குரல் கேட்டது.

ஜெயராணி அலவாங்கைக் கொண்டுவந்து நெம்பினாள். கதவு பிளந்தது. இடுப்புச் சாரத்தைத் தூக்கிப் பிடித்தபடி அவர் வெளியே வந்தார். முழங்கால்வரை கறுப்பு. காதோரம் ஒரு கோழி இறகு. வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மறுசோறை முழுசாகத் திருப்பிக் கொடுத்தார். புழுக்கள் விருந்துக்கு ஓடி வந்ததை இந்தக் கண்ணால் கண்டேன்.

மதுஷா கைக்குட்டையை எடுத்துவிட்டுக் கேட்டார்: "நானா, ராஜலிங்கம் அண்ணன் சொன்ன மாதிரி நிலம் எழும்பிச்சா?"

மேட்டில் டிப்பர்கள் வரிசையாக நின்றன. டிரைவர்கள் முதலாளியின் தலையாட்டலுக்காகக் காத்திருந்தார்கள். இல்லை என்று ஒரு சொல் போதும். என் பேச்சை நம்புவதற்கு அங்கே நாய்கூட இல்லை. அவர் டிப்பர்களைப் பார்த்தார். அலவாங்கும் கையுமாக நின்ற ஜெயராணியைப் பார்த்தார். கடைசியாக என்னைத்தான் பார்த்தார், புழுவைப் பார்ப்பது போல.

"கம்பமும் தெரியல்ல, மைதானமும் தெரியல்ல" என்றார், வாயைத் துடைத்துக்கொண்டு. "ஆனா எழும்பினது மிஸ். என்னையும் வச்சுத்தான் எழும்பினது. டிப்பர நானே திருப்பி அனுப்புறேன்."