அரைக்கிலோ அக்கா

1

இந்தக் கதை என் பெல்ட்டிலிருந்து தொடங்கியது. கடைசி ஓட்டையும் போதவில்லை. ஆணியைச் சூடாக்கிப் புதிதாக ஒன்று போட்டேன். போடும்போதுதான் தோன்றியது: மனைவியை இழந்தவன் இளைக்க வேண்டும் என்பார்கள். நான் ஏன் ஊதுகிறேன்?

அதே வாரம் அத்தை தன் மோதிரத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். கழன்று விழாமல் இருக்க.

ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஒருவர் ஊதுகிறார், இன்னொருவர் தேய்கிறார். ஏன் என்று தெரிந்துகொள்ளத்தான் எழுத உட்கார்ந்தேன். தெரிந்துவிட்டது. முடிவுதான் இல்லை. நாளைக் காலைக்குள் ஒன்று வேண்டும்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"வெளிச்சம் மங்கும் மாலையில், ஜன்னலோரம், ஒரு தாய்—"

வேண்டாம். நான் லிஃப்ட் பராமரிப்பவன். எனக்கு இந்த நடை ஒத்துவராது.

பிறகு இப்படி:

"என் மனைவி கடைசியாகச் சொன்னது—"

இதுவும் வேண்டாம்.

சரி, தகவலாகவே தருகிறேன். என் மனைவி போன வருடம் இறந்தாள். அவளுடைய அம்மா, அதாவது அத்தை, என்னோடு இருக்கிறார். கணவர் இல்லை. காலையில் பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் உட்காருகிறார். வெளியூரில் ஒரு மகன் உண்டு, வாரம் தவறாமல் கூப்பிடுகிறான், "எப்பம்மா வர்றே?" என்று. மகள் போன பிறகு மருமகன் வீட்டில் இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் அவருக்கு இல்லை. இருக்கிறார். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் கிளம்பிவிடுவாரோ என்று பயம்.

மாமியார் என்று எழுதியதும் கையில் கரண்டியோடு ஒருவரை நீங்கள் நினைத்திருப்பீர்கள். சரிதான். இன்னொரு கையில் கைபேசியையும் கொடுத்துவிடுங்கள்.

3

ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு மாதவிடாய் நின்றது. (மருமகன் இதை எழுதலாமா? எழுதாவிட்டால் கதை இல்லை.) சாப்பாடு கூடவில்லை, எடை மட்டும் கூடியது. குளிரிலும் மின்விசிறி போடுவார். என் மனைவி போர்வைக்குள்ளிருந்து கத்துவாள்.

"இந்த வயசுல எல்லாருக்கும் ஏறத்தான்மா செய்யும்."

"ஏறட்டும்டி. பரவலா ஏறக்கூடாதா? வயித்துல மட்டும் வந்து உக்காந்துக்குது, வாடகை கொடுக்காத ஆளு மாதிரி."

அப்போதெல்லாம் அது வெறும் சிரிப்பாகத்தான் இருந்தது. ஒருநாள் எங்கள் கட்டடத்தில் கூட்டமான லிஃப்டில் அம்மாவும் மகளும் ஏறினார்கள். அத்தை கடைசி. அவர் காலை வைத்ததும் அதிக எடை மணி அடித்தது.* எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். ஒரு பையன் சிரித்தான்.

இறங்கிவிட்டார். மகளும் கூடவே இறங்கினாள். படியேறி வந்தார்கள். அன்றிலிருந்து அத்தைக்குப் படிதான்.

* அந்த மணியை எத்தனை கிலோவில் அடிக்க வைப்பது என்று முடிவு செய்வது என் வேலை. எடை உள்ளே இருக்கிற எல்லோருடையதும். பழி மட்டும் கடைசியாக ஏறியவர் மேல். இதை அத்தையிடம் அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சாப்பாட்டு மேசையில் தொழில் பேசுவது எனக்குப் பிடிக்காது.

4

என் மனைவிதான் அம்மாவைக் கைபேசியில் ஒரு குழுவில் சேர்த்துவிட்டாள். ஐம்பதைத் தாண்டிய பெண்கள். எடை குறைப்பது. வேளாவேளைக்குத் தட்டைப் படமெடுத்துப் போட வேண்டும். நடத்துகிறவரை எல்லோரும் 'மேடம்' என்கிறார்கள். முகத்தை நான் பார்த்ததில்லை; குரல் மட்டும் வரும். "பசிங்கிறது ஒரு பழக்கம், அவ்வளவுதான் தோழிகளே. தண்ணி குடிங்க, போயிடும்."

ஒருநாள் அத்தை கைபேசியை என்னிடம் நீட்டினார்.

"மாப்பிள்ளை, மேடம் பழைய படம் ஒண்ணு கேக்கறாங்க. முன்னாடி எப்படி இருந்தேன், இப்ப எப்படி இருக்கேன்னு பக்கத்துல பக்கத்துல போடுவாங்களாம். இதுல என்னை மட்டும் வெட்டித் தர்றீங்களா?"

படத்தில் அவர் மகளோடு நின்றார். மகளை வெட்டினேன். அம்மாவின் தோளில் நான்கு விரல்கள் மிஞ்சின. அவற்றையும் வெட்டினால் தோள் போய்விடும். விட்டுவிட்டேன்.

அன்று மாலை அந்தப் படத்துக்கு நூறு இதயங்கள் வந்தன. "அய்யோ அக்கா, முன்னாடி நீங்களா இது!" விரல்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

யார் இவர்கள் என்று பார்க்க நானும் சேர்ந்தேன். ஆண்களுக்கு அனுமதி இல்லை. 'அரைக்கிலோ' என்று பெயர் வைத்துக்கொண்டேன். உள்ளே போனதும் ஒரு அம்மா கேட்டார்: "அரைக்கிலோ அக்கா, உங்களுக்கு எப்ப நின்னுச்சு?"

யோசித்தேன். "போன வருஷம்" என்று போட்டேன்.

முன்பின் தெரியாத பெண்கள் ஆறுதல் சொன்னார்கள். கஷ்டமாத்தான் இருக்கும், தூக்கம் வராது, காரணமில்லாம அழுகை வரும், எல்லாம் சரியாயிடும் என்றார்கள். மனைவி இறந்தபோது வந்தவர்களும் இதையேதான் சொன்னார்கள். அப்போது காதில் ஏறவில்லை.

5

(இங்கே என் மனைவி இறந்த விதம் இருந்தது. எடுத்துவிட்டேன்.)

6

இப்போது தட்டு.

படத்துக்கு வெளிச்சம் வேண்டும். அதனால் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு பொழுது சாய்வதற்கு முன்பே. அத்தை ஜன்னலோர மேசையில் தட்டை வைப்பார். வேகவைத்த முட்டை, கீரை, வெள்ளரிக்காய், ஒரு துண்டு ரொட்டி. முட்டையைத் திருப்பி வைப்பார். நாற்காலியில் ஏறி மேலிருந்து படமெடுப்பார். போட்டதும் இதயங்கள் வரத் தொடங்கும். அதைப் பார்த்துக்கொண்டே தட்டை என் பக்கம் நகர்த்துவார்.

"எனக்குப் போதும் மாப்பிள்ளை. வீணாப் போகுது, நீங்க சாப்பிட்டுடுங்க."

நான் சாப்பிடுவேன். அதோடு பாத்திரத்தில் இருப்பதையும். காலையிலும் அதேதான். என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் தெரியாது. வீணாகப் போகிறது என்றார், தின்றேன், அவ்வளவுதான்.

அவர் என்ன சாப்பிட்டார்? இந்தக் கேள்வி எனக்கு வரவே இல்லை. (இந்தக் கதாபாத்திரத்தை நம்ப முடியவில்லை என்று நீங்கள் சொல்லலாம். எனக்கும் அவன்மேல் சந்தேகம்தான்.)

போன செவ்வாய்க்கிழமை அத்தை படியில் மயங்கி விழுந்தார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் கண்டேன். தூக்கினேன். லிஃப்டைச் சோதிக்க நான் தினமும் தூக்குகிற எடை இரும்புகள் இதைவிடக் கனம். கண் விழித்ததும் சொன்னது:

"பையன்கிட்ட சொல்லிடாதீங்க. வந்து கூட்டிட்டுப் போயிடுவான்."

"டாக்டர்கிட்ட போகலாமா?"

"அவர்கிட்டயும் வேண்டாம். அவர் பேச்சை ஆரம்பிச்சா நிறுத்த மாட்டார்."

யாரிடமும் சொல்லவில்லை.

7

நேற்று மேடத்தின் குரல் வந்தது. இன்று விட்டு நாளையிலிருந்து ஏழு நாள் தண்ணீர் மட்டும். முடிகிறவர்கள் பெயர் கொடுக்கலாம். அத்தை கொடுத்துவிட்டார். கீழே ஒரு கேள்வியும் எழுதியிருந்தார்:

"மேடம், ஒரு சந்தேகம். ஏழு நாள் நான் தட்டு போடலைன்னா என் மருமகன் பட்டினி கிடப்பாரு. பொண்ணு போனதுல இருந்து அவருக்குன்னு போட்டா தொட மாட்டேங்கிறாரு. எனக்குப் போட்டு மீந்துபோச்சுன்னு சொன்னாத்தான் சாப்பிடுறாரு. அதுக்கு ஏதாவது வழி சொல்லுங்க."

மேடம் பதில் போட்டார்: "அவர் வயிறு அவர் பொறுப்பு தோழி. நீங்க உங்களைக் கவனிங்க." அதற்கும் இதயங்கள்.

நான் அந்த வரிகளை நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். நானறியாமல் யாரோ எனக்கு ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இன்று மதியம், வேலை நேரத்தில், லிஃப்டின் மேல்கூரையில் உட்கார்ந்தபடி எழுதினேன்: "அக்கா, அந்தத் தண்ணி விரதம் வேண்டாம். செவ்வாய்க்கிழமைதானே ரெண்டாவது மாடியில மயங்கி விழுந்தீங்க?"

அனுப்பினேன். ஐந்தே நிமிடத்தில் மேடம் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். அது போகட்டும். படியில் விழுந்ததை அத்தை குழுவில் சொல்லவே இல்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. அது தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்.

கைபேசியைப் பையில் போட்டேன். எழுநூறு கிலோ லிஃப்டின் மேல் உட்கார்ந்து வேலை பார்ப்பவன் நான். கவனம் சிதறுவது நல்லதல்ல.

8

வீடு திரும்பும் வழியில் முடிவுகள் யோசித்தேன்.

முதல் முடிவு: அத்தை பெட்டியைக் கட்டிவிட்டார். மருமகன் பெண் வேடம் போட்டு வேவு பார்த்தால் யார்தான் இருப்பார்கள்? மகன் வந்து அழைத்துப் போகிறான். அங்கே அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. கைபேசியும் உண்டு.

இரண்டாம் முடிவு: இருவரும் அழுகிறார்கள். (எனக்கு வராது. எழுதினாலும் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.)

மூன்றாம் முடிவு: யாரும் எதுவும் பேசவில்லை. நாளை தண்ணீர். நாளை மறுநாள் மறுபடி படி. இம்முறை நான் வேலையில் இருக்கிறேன். கண்டெடுப்பவர் வேறு யாரோ. அல்லது

9

கதவைத் திறந்தேன். பெட்டி எதுவும் இல்லை. ஜன்னலோர மேசையில் ஒரு தட்டு. அத்தை அடுப்பு முன் நின்றபடி, திரும்பாமல் சொன்னார்:

"அரைக்கிலோ அக்கா, கை கழுவிட்டு வாங்க."

சிரிப்பதா ஓடுவதா என்று தெரியவில்லை. கை கழுவினேன்.

"எனக்கு அப்பவே சந்தேகம் வந்திருக்கணும்" என்றார். "எப்ப நின்னுச்சுன்னு கேட்டா ரெண்டே வார்த்தையில பதில். எந்தப் பொம்பளை அப்படிச் சொல்லுவா? நாங்க ஆரம்பிச்சா விடியும்."

"தப்புதான் அத்தை."

"தப்பு இருக்கட்டும். குழுவுல நான் விழுந்ததைச் சொல்லிட்டீங்களே. மானம் போச்சு."

"லிஃப்ட்ல மணி அடிச்சுதே," என்றேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "அது உங்களால இல்லை. உள்ள எல்லாரும் சேர்ந்துதான் அத்தனை எடை. நீங்க கடைசியா ஏறினீங்க, அவ்வளவுதான்."

அத்தை திரும்பினார்.

"இதை இப்ப சொல்றீங்களா?"

பிறகு தட்டை என் பக்கம் நகர்த்தினார். "சாப்பிடுங்க. எனக்குப் போதும்." இன்று படம் எடுத்தாரா இல்லையா, நான் பார்க்கவில்லை.

நான் தட்டைத் தொடவில்லை. அலமாரியிலிருந்து இன்னொரு தட்டை எடுத்தேன். நீட்டினேன்.

"எனக்குன்னு போடுங்க அத்தை. பசிக்குது."

பொய்யா என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியவில்லை. போன வருடத்திலிருந்து சொல்லாத வார்த்தை, வாயில் அந்நியமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து அத்தையின் கைபேசி ஒலித்தது. அத்தை எடுத்துத் தொட்டதும் மேடத்தின் குரல்: "நாளைக்கு ரெடியா தோழிகளே? ரெடின்னா ஒரு இதயம் போடுங்க."

அத்தையின் ஒரு கையில் கைபேசி. இன்னொரு கையில் கரண்டி. மேசைமேல் ஒரு தட்டு, ஜன்னல் வெளிச்சத்தில். என் கையில் ஒன்று, வெறுமையாக. அதில் பரிமாற வேண்டுமானால் பாத்திரத்தை ஒரு கையால் பிடிக்க வேண்டும். அதற்குக் கைபேசியைக் கீழே வைக்க வேண்டும். இதயம் போட வேண்டுமானால் கரண்டியை வைக்க வேண்டும்.

எதை வைத்தார் என்று நான் எழுதப் போவதில்லை. வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. தட்டு கனக்கவில்லை, ஆனாலும் கை ஆடுகிறது. இரண்டு கையாலும் பிடித்தால்தான் நேராக நிற்கும். எழுத ஒரு கை வேண்டும்.

மீதியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.