அவள் கடலுக்குப் போனால் நிற்கும் ஏ.சி.

அவள் அறையை விட்டுப் போனால் ஏ.சி. நின்றுவிடுகிறது. திரும்பி வந்தால் ஓடுகிறது. விடுதிக்கு வந்த நாளிலிருந்து தினமும் மத்தியானம் இதே கூத்துதான்.

அவளுக்கு இது கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது. பாட்டிலில் தண்ணீர் அடைக்கிற தொழிற்சாலையில் மெஷின்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. கழுவுகிற மெஷின், நிரப்புகிற மெஷின், மூடி திருகுகிற மெஷின், எது முரண்டு பிடித்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். நின்றுபோன மெஷினை ஓடவைக்க அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் முகத்தைக் கண்டதும் சமர்த்தாக ஓடுகிற மெஷினில் எதைக் கழற்றி எதைப் பார்ப்பது?

வெளிநாட்டில், கடற்கரையை ஒட்டி, குடும்பங்களுக்கென்றே கட்டிய விடுதி அது. விளம்பரப் படத்தில் ஓர் அம்மா வெள்ளை உடையில் மணலில் நடந்துகொண்டிருந்தாள். அவள் கையில் ஈரத் துணி இல்லை, பாதி கடித்த வாழைப்பழம் இல்லை, குழந்தையின் ஒற்றைச் செருப்பு இல்லை. யார் பெற்ற பிள்ளைகளை யாரிடம் விட்டுவிட்டு வந்தாளோ தெரியவில்லை. இங்கே வந்து பார்த்தால், ஊட்டுவது, துடைப்பது, துரத்துவது, அலசுவது என்று வீட்டில் செய்த வேலைகள் எல்லாம் வரிசையாக அவளுக்காகக் காத்திருந்தன. கூடுதலாக மணல். வீட்டு வேலையை விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்து, மணலைக் கலந்து செய்வதற்குத்தான் விடுமுறை என்று பெயர் போலிருக்கிறது.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. கடலில் குளிப்பவர்களுக்காகக் கயிறு கட்டி, அதன் கடைசியில் மஞ்சள் மிதவைகளைப் போட்டிருந்தார்கள். அதுவரை நீந்திப் போய், ஒரு மிதவையைத் தொட்டுவிட்டு வர வேண்டும். இதற்காகத்தான் போன வருஷம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நகராட்சி நீச்சல் குளத்துக்குப் போனாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நடுவில் தான் மட்டும் வளர்ந்த ஆளாக நின்று, மூக்கில் தண்ணீர் ஏறி, இருமி, அந்தப் பிள்ளைகளின் சிரிப்பையும் வாங்கிக்கொண்டு கற்றுக்கொண்ட நீச்சல்.

கிளம்புவதற்கு முன்பே கணவன் வாக்குக் கொடுத்திருந்தான். "மத்தியானம் பசங்க தூங்கறப்ப நான் ரூம்ல இருக்கேன், நீ போய் ஆசை தீர நீந்து. ஆஃபீஸ் போனத் தொடவே மாட்டேன், போதுமா?" இரண்டு வாக்கையும் ஒரே மூச்சில் கொடுத்தான். மலிவாகக் கிடைக்கிற பொருளை மொத்தமாகத்தானே அள்ளிக் கொடுப்பார்கள்.

இன்றைக்கும் முழங்கால் ஆழத்துக்குத்தான் போயிருந்தாள். கரையில் துண்டு கொடுக்கிற இடத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி, அவர்கள் அறை எண்ணைக் கடற்கரை முழுக்கக் கேட்கும்படி கூவியது. அறையிலிருந்து அழைப்பு. உடனே வரவும். குடைகளுக்குக் கீழே படுத்திருந்தவர்கள் எல்லாரும் தலையைத் தூக்கி, அது எந்த அறை என்று பார்த்தார்கள். அலை அவள் காலடி மண்ணை உருவிக்கொண்டு போனது. அவள் கரை ஏறினாள்.

அறைக்குள் வந்தால் வெந்நீர் அண்டாவுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. இரண்டு வயதுச் சின்னவன் முதுகெல்லாம் வேர்த்து, வாய் கோணி அழுதுகொண்டிருந்தான். ஐந்து வயதுப் பெரியவள் கட்டிலில் உட்கார்ந்து, தூக்கம் கெட்ட கடுப்பில் தலையணையை உதைத்துக்கொண்டிருந்தாள். நடுவில் கணவன், ஒரு பத்திரிகையால் விசிறிக்கொண்டு.

"மறுபடி நின்னுடுச்சும்மா. நீ போய்க் கொஞ்ச நேரம்தான் இருக்கும். நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

அவள் சின்னவனைத் தூக்கிக்கொண்டதும் சுவரில் ஏ.சி. ஒரு கனைப்புக் கனைத்துவிட்டு, குளிர்ந்த காற்றை ஊதத் தொடங்கியது.

"பாத்தியா, பாத்தியா! நீ வந்ததும் ஓடுது!" என்றான் அவன், ஏதோ அவனே கண்டுபிடித்தது போல.

அழுகைச் சத்தம் கேட்டு, பக்கத்து அறையிலிருந்து நாத்தனார் வந்து எட்டிப் பார்த்தாள். கணவனின் அக்கா. இந்த விடுதியைப் பிடித்ததே அவள்தான். கடலைப் பார்த்த அறையைத் தனக்கு எடுத்துக்கொண்டு, இவர்களுக்குப் பின்பக்க அறையைக் கொடுத்தவளும் அவள்தான். இவர்களுடைய பால்கனியில் நின்றால், விடுதியின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிற கொட்டகை தெரியும். அதன் புகைபோக்கியிலிருந்து சோப்பு வாசனையோடு சூடான ஆவி வரும். அதனால் அந்தக் கதவை யாரும் திறப்பதே இல்லை.

"நீ வெளிய கால வச்சா ஏ.சி.க்கே மனசு கேக்கல பாரு," என்றாள் நாத்தனார்.

"உங்க ரூம்ல நல்லா ஓடுதாக்கா?" என்று கேட்டாள் அவள்.

"எங்களுக்கென்ன, குளுகுளுன்னு ஓடுது. நான்தான் எங்கயும் போறதில்லையே."

"அது உப்புக் காத்துக்கா," என்று கணவன் விளக்கத்தை ஆரம்பித்தான். எதைக் கேட்டாலும் அவனிடம் ஒரு விளக்கம் தயாராக இருக்கும். "ஏ.சி.க்கு வெளிய ஒரு பொட்டி இருக்கும்ல, அதுல உப்பு படிஞ்சு அடைச்சுக்கும்."

"நேத்து கரண்ட் பத்தலன்னு சொன்னீங்க," என்றாள் அவள்.

"அதுவும்தான்."

"அப்ப அக்கா ரூம்ல ஏன் நிக்கல?"

"அது வேற லைன்."

விடுதியின் ஏ.சி. மெக்கானிக் ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். அவள் இருக்கும்போது வந்தார், ஆகவே அது ஓடியது. காற்று வரும் இடத்தில் கையை வைத்துப் பார்த்தார், அவளையும் ஒரு மாதிரி பார்த்தார், போய்விட்டார்.

நாளை ஒரு மத்தியானம்தான் பாக்கி. அதற்கு மறுநாள் காலையில் ஊருக்கு விமானம். அதை நினைத்ததும் அவளுக்குள் எரிச்சல் போய், தொழில் புத்தி எழுந்து உட்கார்ந்தது. ஓடும்போது இருப்பது என்ன, நிற்கும்போது இல்லாதது என்ன? தொழிற்சாலையில் அவள் முதலில் கேட்கிற கேள்வி அது. இங்கே அதற்குப் பதில், 'நான்'. ஆனால் மெஷினுக்கு மனைவி, மக்கள் என்றெல்லாம் தெரியாது. அவள் போனபிறகு இந்த அறையில் வேறு ஏதோ மாறுகிறது. அது என்ன?

முதலில் அந்த உப்புக் கதையை முடித்துவிடலாம் என்று, வெளியே இருக்கும் பெட்டியைப் பார்க்க பால்கனியின் கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்தாள். பெட்டியும் இல்லை, உப்பும் இல்லை. இந்த மாதிரி விடுதிகளில் குளிர்ந்த தண்ணீர் ஓரிடத்திலிருந்து குழாய் வழியாக எல்லா அறைக்கும் வரும். அறைக்கு ஒரு பெட்டி இருக்காது. அவள் கொட்டகையின் ஆவியை முகத்தில் வாங்கிக்கொண்டு நின்றபோது, முதுகுக்குப் பின்னால் ஏ.சி.யின் சத்தம் தேய்ந்து அடங்கியது.

அவள் திரும்பினாள். கதவைச் சாத்தினாள். காத்திருந்தாள். ஏ.சி. கனைத்துக்கொண்டு ஓடியது.

நாற்காலியைப் போட்டு ஏறி, கதவின் மேல்விளிம்பைப் பார்த்தாள். சுண்டுவிரல் பருமனில் இரண்டு வெள்ளைத் துண்டுகள். ஒன்று கதவில் ஒட்டியிருந்தது, மற்றொன்று சட்டத்தில். கதவில் இருப்பது காந்தம். சட்டத்தில் இருப்பதற்குள் ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் தலைமுடி போல மெல்லிய இரண்டு தகடுகள். காந்தம் பக்கத்தில் இருந்தால் தகடுகள் இரண்டும் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தை விடும். கதவு ஒரு விரற்கடை விலகினாலும் காந்தமும் விலகும், தகடுகள் பிரியும். கதவு திறந்திருக்கிறது என்ற சேதி ஏ.சி.க்குப் போய்விடும். தெருவைக் குளிரவைப்பது தன் வேலை இல்லை என்று அது கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். மறுபடி சாத்தினாலும் உடனே ஓடாது, சற்று யோசித்துவிட்டுத்தான் ஓடும். கடற்கரையிலிருந்து ஒருத்தி படியேறி வருகிற நேரம் அதற்குப் போதும்.

இதே துண்டுகள் அவளுடைய பாட்டில் நிரப்பும் மெஷினின் மூடியிலும் இருக்கின்றன. மூடி சரியாக மூடாவிட்டால் மெஷின் சுற்றாது, யார் கையும் உள்ளே மாட்டாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களை இதற்காக எத்தனை முறை திட்டியிருப்பாள், மெஷின் நின்றால் முதலில் கதவைப் பார் என்று! இத்தனை நாளாக அவளே பார்க்கவில்லை. தன்மேல் வந்த கோபத்தை அவள் நாற்காலியோடு இறக்கி வைத்தாள். அந்தக் கோபத்துக்கு அவளைவிடத் தகுதியான ஆள் எதிரே நின்றான்.

"கதவு லேசா திறந்திருந்தா ஏ.சி. நின்னுடும். தினமும் மத்தியானம் யாரோ இதத் திறந்திருக்காங்க."

"யாரு திறப்பா? பசங்களுக்கு எட்டாது."

"திறந்து வெளிய போய், சரியா சாத்தாம நின்னிருக்காங்க. பசங்க அழுததும் உள்ள வந்து நல்லா சாத்தியிருக்காங்க."

"சரியா சாத்தினா டக்குன்னு சத்தம் வரும், சின்னவன் எழுந்துடுவான். அதான் மெதுவா..." என்று நியாயம் சொல்ல வந்தவன், பாதியில் வாயை மூடிக்கொண்டான். அந்த வாயை மட்டும் முழுக்கச் சாத்தத் தெரிந்திருந்தது.

"வெளிய என்ன வேலை உங்களுக்கு?"

"சும்மா... வேடிக்கை பாத்தேன்."

"எத? போர்வை துவைக்கறதையா?"

கட்டில் மேலிருந்த பெரியவள் சிரித்தாள். நாத்தனார் முறைத்தாள். கணவன் கால்சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அந்தப் பை போன் பருமனுக்குப் புடைத்திருந்தது.

"ஒரே ஒரு கால்தான். நான் இல்லன்னா அங்க ஒண்ணும் நகராது."

"நீங்க இருந்ததால இங்க ஒண்ணும் நகரல. அப்படி என்ன தலைபோற விஷயம்?"

அவன் நாத்தனாரைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "புதுசா பிரிண்டர் வந்திருக்கு. அத எந்த மூலையில வைக்கறதுன்னு கேட்டாங்க."

"நேத்து?"

"நேத்தும் அதுதான். ஜன்னல் பக்கம் வச்சா வெயில் படும்னு ஒரு பேச்சு."

அவள் ஒரு வருஷம் மூக்கில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு கற்ற நீச்சல், இரண்டு குழந்தைகளின் தூக்கம், கடற்கரை முழுக்கக் கூவிய ஒலிபெருக்கி, எல்லாம் ஒரு பிரிண்டருக்கு மூலை பார்க்கப் போயிருந்தன.

"ஆம்பளைக்கு ஆஃபீஸ்னா ஆயிரம் இருக்கும்," என்று நாத்தனார் தம்பிக்கு வக்கீலாக வந்தாள்.

"எனக்கும் ஃபேக்டரி இருக்குக்கா. நான் ஃபேக்டரி போன அங்கயே இன்னொருத்தர்கிட்ட குடுத்துட்டு வந்தேன். மெஷினெல்லாம் ஓடிட்டுதான் இருக்கு." பிறகு கணவன் பக்கம் கையை நீட்டினாள். "நாளைக்கு இது என்கிட்ட இருக்கட்டும்."

"அவசரம்னா?"

"அவசரம்னா சுவத்துல ரூம் போன் இருக்கு, தினமும் என்னைக் கூப்பிட்டீங்களே அது. அதுல ஆஃபீஸ் வராது."

"உன்கிட்ட இருந்தா, போனுக்குள்ள மணல் போய்டும்மா..."

"போகட்டும். என் மத்தியானம் பிரிண்டர்ல போகாது. அது போதும்."

மறுநாள் மத்தியானம் பிள்ளைகள் தூங்கியதும், அவள் பால்கனிக் கதவை முழுக்கத் தள்ளி, கொக்கி விழும் சத்தம் கேட்கும்வரை சாத்தினாள். அந்தச் சத்தத்துக்குச் சின்னவன் புரண்டுகூடப் படுக்கவில்லை. கணவன் கட்டில் ஓரத்தில் வெறுங்கையோடு, பரீட்சை எழுத வந்து பேனாவை மறந்தவன் போல உட்கார்ந்திருந்தான். அவனுடைய போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, தன் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டு அவள் கடலுக்குப் போனாள்.

நகராட்சிக் குளத்துத் தண்ணீர் சொன்ன பேச்சைக் கேட்கும். கடல் கேட்கவில்லை. அலை வரும்போது மூச்சை அடக்கவும், அது தாண்டிப்போனதும் கையை வீசவும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டு வாய் உப்புத் தண்ணீர் உள்ளே போனது. ஒலிபெருக்கி இரண்டு முறை கூவியது, இரண்டும் வேறு யாருடைய அறையோ. வழுக்கலாக இருந்த மிதவையை அவள் இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, இளைப்பு அடங்கும்வரை தொங்கினாள். பிறகு நிதானமாக நீந்தித் திரும்பினாள்.

அறைக்கு வந்து கதவைத் திறந்தபோது முகத்தில் குளிர் அடித்தது. இரண்டு பிள்ளைகளும் போர்வைக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் கணவனும்.

பால்கனிக் கதவு முழுக்கச் சாத்தியிருந்தால் ஏ.சி. ஓடும். போன் அவன் கையில் இல்லாவிட்டால் கதவு சாத்தியே இருக்கும்.