கவிழ்த்து வைத்த மங்கு

அது மூச்சு. கறையான் இல்லை, அழுகிய வேர் இல்லை. மூச்சு.

மங்களம் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அமிலம் சொட்டும் கண்ணாடிக் குழாயை மூடினாள். மற்ற டின்களின் காரநீர், அதில் கலந்த சாயத்தின் சிவப்பு வெளுக்க நிறைய அமிலம் கேட்டது. ஏழாவது டின்னுடையது நாலைந்து சொட்டிலேயே வெளுத்துவிட்டது. மண் விட்ட கரியமிலவாயுவை அவ்வளவு குடித்திருந்தது.

சுங்காய் ஊருக்கு அப்பால், ரப்பர் அழிந்து லாலாங் புல் மண்டிய பழைய தோட்டத்தில் டின்களைக் கவிழ்த்து, உள்ளே காரநீர்க் கிண்ணம் வைத்து, மறுநாள் ஈப்போ ஆய்வுக்கூடத்தில் அளப்பது அவள் வேலை. மழையையும் மண்சூட்டையும் கொண்டு புல்நிலம் விடும் வாயுவை முன்கூட்டிச் சொல்ல டாக்டர் இராஜசிங்கம் ஒரு கணக்கு வகுத்திருந்தார். ஏழாவது டின் மட்டும் அதற்கு அடங்கவில்லை.

அந்த டின்னை வைக்கும்போது ரப்பர்ப் பால் பிடிக்கும் மங்குக் கோப்பை ஒன்று குறுக்கே கிடந்தது. பழைய தோட்டத்தில் மங்குக்கா பஞ்சம்? செடி வைக்கலாமென்று வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

நேற்றுதான் அம்மா கருப்பம்மாள் அதைப் பார்த்தாள்.

"எங்க எடுத்தே?"

"பழைய லயத்து வீடுங்களுக்குப் பின்னால."

"நிமிந்து கெடந்துச்சா, கவுந்து கெடந்துச்சா?"

"கவுந்து. ஏம்மா?"

அம்மா சுவரோடு உட்கார்ந்துவிட்டாள். "உனக்கு முன்னால ஒண்ணு பொறந்து செத்துச்சு. அதப் பொதச்ச எடத்துமேல வச்சது. மூச்சு மேல வந்தா அடுத்துப் பொறந்ததத் தேடும்னு லயத்துல கவுத்து வப்பாங்க."

"அடுத்தது நான்தானே?"

அம்மா மங்கைத் தரையில் கவிழ்த்து வைத்தாள்.

ஏழாவது டின்னை அளந்த மறுநாள் காலை டாக்டரே உடன் வந்தார். மங்களம் டின்னைத் தூக்கினாள். உட்புறம் வியர்த்திருந்தது. எல்லா டின்னும் வியர்க்கும்தான். இதன் ஈரம் வெதுவெதுப்பாக இருந்தது, கைக்குழந்தையை முகத்தருகே தூக்கியதுபோல. காற்றில்லை. சுற்றிலும் இருந்த லாலாங் அவள் பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"கறையான் புற்றுத்தான். ஒருக்கா கிண்டிப் பாப்பம்" என்று டாக்டர் மண்வெட்டியை நீட்டினார்.

அவள் பையிலிருந்து மங்கை எடுத்தாள்.

"என்ன பிள்ளை, பூசையோ?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "இந்த ஒரு டின்னாலதான் என்ர கணக்கே குழம்புது. கிண்டு."

தான் பிறந்த இந்த இருபத்து மூன்று வருடமும் அந்த மூச்சு தன்னைத் தேடியிருக்குமா என்று நினைத்தாள். பயம் வரும் என்றிருந்தாள். வரவில்லை. குனிந்து மங்கை அது கிடந்த பழைய தழும்பிலேயே வைக்கப் போனவள், ஒரு கணம் யோசித்து, நிமிர்த்தி வைத்தாள்.

மண்வெட்டியை வாங்கி, தனக்குப் பின்னால் புல்லில் கிடத்தினாள்.

"வேற எங்க வேணும்னாலும் தோண்டுறேன் சார். இங்க வேணாம்லா."