நன்றிப் பூசை

புற்று மார்பிலிருந்து ஈரலுக்குப் பரவிவிட்டது, இனி இந்த மருந்து கேட்காது என்று டொக்டர் சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை.

"என்ட உடம்பு ஏன் சும்மா பாத்துக்கொண்டு நிக்குது?" என்று மட்டும் கேட்டேன்.

"இரத்தத்தில இயற்கைக் கொல்லிக் கலங்கள் எண்டு இருக்கு. கெட்ட கலத்தைக் கண்டால் கொல்லும். அதுகளை அடக்கி வைக்கவும் வேற கலங்கள் இருக்கு, இல்லாட்டி நல்ல கலத்தையும் அழிச்சுப்போடும். புற்று அந்த அடக்குற கலங்களைத் தன்னைச் சுத்திச் சேத்து வைச்சிருக்கு."

"அடக்குறதும் என்ட கலங்களா?"

"ஓம். உங்கடதான்."

வெளியே மோட்டார் சைக்கிளோடு நின்ற கணவர் சதீஸிடம் சொன்னேன். அவர் சாவியைப் போட்டார், திரும்ப எடுத்தார். பிறகு, "டினோஷாவுக்கு இப்ப சொல்லாத. சோதினை முடியட்டும்," என்றார். மகளுக்கு உயர்தரப் பரீட்சை நெருங்கியிருந்தது. தலையாட்டினேன். எங்கள் ஊர் தன்னாமுனை வரும்வரை வாவிக்காற்று அடித்தது. குளிர்கிறதா என்று யோசித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வாசலிலேயே மகள் நின்றாள். நான் வாய் திறக்குமுன், "எல்லாம் சுகம் புள்ள," என்றார் சதீஸ். சொல்லாமல் இருப்பதென்றுதான் பேச்சு. இப்படிச் சொல்வதென்று பேசவில்லை.

அவள் அப்படியே சைக்கிளை எடுத்துக்கொண்டு, பாதரிடம் சொல்லக் கோயிலுக்கு ஓடினாள். திரும்பி வரும்போது பக்கத்து வீட்டு அஞ்சலாவும் கூட வந்தாள்.

"ஞாயிறு உனக்கு நன்றிப் பூசையாமே! மொட்டையோட வாறியா, முக்காடு போடுறியாடி? பாதர் பயந்து பேரை மாத்தி வாசிச்சிருவார்," என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். முகம் தானாகவே சிரித்தது.

இருட்டும் நேரம் டினோஷா என் சேலையை அயன் பண்ணிக்கொண்டிருந்தாள். ஞாயிறு ஊரே முழங்காலில் நின்று, எனக்குக் கிடைக்காத சுகத்துக்கு நன்றி சொல்லும். அவள் முதல் வரிசையில் இருப்பாள். குசினி வாசலில் சதீஸ் என்னைப் பார்த்துக் கையை மெல்ல அசைத்தார். வேண்டாம். அன்பில்தான் அசைத்தார்.

"புள்ள, பாதரிட்டப் போய்ச் சொல்லு. நன்றிப் பூசை வேணாம். சுகம் கேட்டுப் பூசை ஒப்புக்குடுக்கட்டும்."

"ஏன்மா? சுகம்தானே?"

நான் இல்லையென்று தலையசைத்தேன். அவள் தகப்பனைப் பார்த்தாள். அவர் கையைக் கீழே போட்டார்.

"எப்பம்மா தெரியும்?"

"இண்டைக்கு."

அவள் சேலையில் முகத்தைப் புதைத்து அழுதாள். என் கை அவள் முதுகில் இருந்தது. எனக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை. ஆனாலும் கையை எடுக்கவில்லை.