இரண்டையும் அடித்த அம்மாள்

ஐரோப்பிய மொழிகளின் குடும்ப அட்டையை எங்கள் தாலுகா அலுவலகத்தில்தான் புதுப்பிக்கிறோம். அட்டையில் பெயர் இருந்தால் மாதாமாதம் பேச ஆள் ஒதுக்கப்படும். பதினெட்டு வருடமாக அந்த மேசை என்னுடையது. பெயர் மாசிலாமணி. என் கையில் ஒரு கோப்பும் தூங்கியதில்லை.

ஆங்கிலமும் பிரெஞ்சும் வரிசையில் நிற்பதில்லை, ஆள் விட்டு வாங்கிக்கொள்வார்கள். ஐரோப்பிய வீட்டின் மேற்கு ஓரத்து அறையில் ஒண்டியிருக்கும் கெல்டிக் கிளைதான் காலையிலேயே வந்து நிற்கும். ஐரிஷ், வெல்ஷ், பிரெத்தன் என்று மொத்தம் ஆறு பேர். ஒரு காலத்தில் அந்த வீட்டில் பாதி அவர்கள் புழங்கிய இடம். அதை அவர்கள் சொல்லிக்காட்டுவதில்லை, எனக்குத்தான் வயிறு எரியும்.

அட்டை புதுப்பிக்கும் கடைசி நாளன்று அந்த ஆறு பேரில் ஒருவரான கார்னிஷ் அம்மாள் வந்தார். இருநூறு வருடங்களுக்கு முன் இறந்ததாகப் பதிவாகி, பிறகு எழுந்து வந்தவர். மாலை ஐந்து மணிக்குள் ஆயுள் சான்று ஏறாவிட்டால் பெயரை நீக்கிவிடுவோம். அப்புறம் பேச ஒரு ஆள்கூடக் கிடைக்காது.

படிவத்தில் ஒரே கேள்வி: ‘உயிருடன் இருக்கிறாரா? ஆம் / இல்லை. பொருந்தாததை அடிக்கவும்.’ அம்மாள் இரண்டையும் அடித்திருந்தார்.

தாசில்தார் எஸ்தர் மேடம் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். “ரெண்டையும் அடிச்சா நான் என்னன்னு கையெழுத்துப் போடறது?”

“எங்க கிளையில ஆம், இல்லைங்கற ரெண்டு வார்த்தைக்கும் அவ்வளவா வேலை இல்ல, கேட்ட வினையையே திருப்பிச் சொல்லிடுவோம்,” என்றார் அம்மாள். “பொருந்தாததைத்தானே அடிக்கச் சொன்னீங்க?”

மணி நாலே முக்கால். நான் எழுந்தேன்.

“மேடம், சாப்டீங்களா?”

“சாப்டேன்.”

“ஆமான்னு சொல்லலையே. சாப்பிடலைன்னு எழுதிக்கவா?”

மேடம் என்னை முறைத்தார். பிறகு அம்மாளிடம் கேட்டார்.

“இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

முத்திரை விழுந்தது.

அம்மாள் வாசலில் திரும்பி, “வாசிலாமணி!” என்று கூப்பிட்டு நன்றி சொன்னார். யாரையாவது கூப்பிட்டால் பெயரின் முதலெழுத்து இளகுவது அவர்கள் வீட்டு வழக்கம். என் மேசைப் பெயர்ப்பலகையிலிருந்து ‘மா’ கழன்று விழுந்தது. அங்கே ‘வா’ வந்து உட்கார்ந்தது. விழுந்ததை அம்மாள் பொறுக்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். ஆள் ஒதுக்கும்வரை பேச்சுத்துணைக்கு இருக்கட்டும் என்றார். சரியென்றேன்.

இப்போது வாசிலாமணி என்றுதான் கையெழுத்திடுகிறேன். போன வாரம் மாசிலாமணியின் ஆயுள் சான்று கேட்டு மாவட்ட அலுவலகத்திலிருந்து படிவம் வந்தது. இரண்டையும் அடித்துவிட்டு எழுதினேன்: ‘இருக்கிறார். அம்மாளோடு பேசிக்கொண்டிருக்கிறார்.’