மாமனாரின் முட்டியும் பதினேழாம் பாசியும்

மாமனாரின் வலது முட்டிக்கு ஓர் எக்ஸ்ரே உண்டு. பதினோரு வருடத்துப் பழைய படம். அந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு மனிதர் மொட்டைமாடிப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. துணி காயப்போட வேண்டுமா, தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்க வேண்டுமா, உடனே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். பதினெட்டுப் படியும் மாமியார் தலையில்தான் விழுந்தது.

மருமகளுக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. கடற்பாசியிலிருந்து சாறு எடுத்து, அது பாம்பு விஷத்தை அடக்குமா என்று பார்க்க வேண்டும். பாம்பை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. விஷம் பொடியாகத்தான் வரும். பழைய எக்ஸ்ரே ஃபிலிமின் கறுப்பு நிறம் அதன் மேலுள்ள ஜெலட்டின் என்ற புரதப் பூச்சில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் ஒரு சொட்டு விஷம் வைத்தால் பூச்சைத் தின்றுவிடும், அந்த இடம் ஓட்டை போலப் பளிச்சென்று தெரியும். பாசிச் சாறு கலந்த விஷத்தை வைத்தும் ஓட்டை விழாவிட்டால், அது கெட்டிக்காரப் பாசி. இதுவரை பதினாறு பாசிகள் அவள் காலை வாரியிருந்தன.

இப்போதெல்லாம் டாக்டர்கள் எக்ஸ்ரேயைக் கம்ப்யூட்டரிலேயே பார்த்துவிடுவதால் ஃபிலிமுக்குப் பஞ்சம். கைவசம் இருந்தது தீர்ந்ததும் வீட்டில் கேட்டாள்.

"பீரோ மேல ஒண்ணு இருக்கு, எடுத்துக்கோ," என்றாள் மாமியார், வெங்காயத்திலிருந்து தலை நிமிராமல்.

"மாமா தேடுவாரே அத்தை."

"தேடட்டும்."

முட்டியைச் சுற்றியிருந்த கறுப்பில் எட்டு வட்டம் போட்டாள். ஏழில் வெறும் விஷம், எட்டாவதில் விஷத்தோடு பதினேழாம் பாசி. ஏழும் ஓட்டையாயின. எட்டாவது கறுப்பாகவே இருந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் பதினொரு மணிக்கு ஆராய்ச்சிக்கூடத்தின் மதிப்பீட்டுக் குழு கூடுகிறது. திட்டம் தொடருமா, மூடுவிழாவா என்று அங்கேதான் முடிவாகும். குழுத் தலைவருக்கு அசல் ஃபிலிமைக் கையில் கொடுத்தாக வேண்டும். செல்போன் படத்தில் யாரோ ஒருமுறை கைவரிசையைக் காட்டியதிலிருந்து அவர் போட்டோவை நம்புவதில்லை. மறுபடி செய்யலாம் என்றால் விஷம் கடைசிச் சிட்டிகைவரை தீர்ந்துவிட்டது. இவ்வளவும் தெரிந்தும், ஃபிலிமை நன்றாகக் கழுவித் துடைத்து, அத்தைக்குக் காட்டலாமே என்று வீட்டுக்குக் கொண்டுவந்தாள் பாருங்கள், அதுதான் தப்பு.

காலை பத்து மணிக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் பையைத் திறந்தால் ஃபிலிம் வைத்த உறையைக் காணோம். வீட்டுக்குப் போன் போட்டாள்.

"என் படத்தைத்தானே எடுத்தேன்," என்றார் மாமனார். குரலில் அப்படியொரு குதூகலம். "முட்டிய சுத்தி ஏழு ஓட்டைம்மா. பதினோரு வருஷமா சொல்றேன், இந்த வீட்ல யார் கேட்டீங்க? இதோ, டாக்டர்கிட்ட கிளம்பிட்டேன்."

"அது வியாதி இல்ல மாமா. பாம்பு விஷம்."

"என்னை எப்பம்மா பாம்பு கடிச்சுது?"

அவள் பொறுமையாக விளக்கினாள். கடைசியில், "அப்போ முட்டி மோசமாகலையா?" என்று கேட்டார். ஏமாற்றத்தில் குரல் உள்ளே போயிருந்தது.

"பதினொரு மணிக்குள்ள அது இங்க வரலன்னா எனக்கு வேலை இல்ல மாமா," என்றாள். அழுகையை மறைக்கவும் முடியவில்லை.

"அழாத. டாக்ஸி பிடிச்சு வரேன்." என்ன இருந்தாலும் மருமகள் அழுதால் அவருக்குத் தாங்காது.

ஆராய்ச்சிக்கூடத்து லிஃப்ட் இரண்டு நாளாக ஓடவில்லை என்பதை அந்தப் பதற்றத்தில் அவள் சொல்ல மறந்துவிட்டாள். பதினொன்றுக்கு இரண்டு நிமிடம் இருந்தது. குழுவின் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது கதவு திறந்தது. மாமனார். மூன்று மாடி ஏறியவருக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

தலைவர் படத்தை விளக்கடியில் பிடித்து, பூதக்கண்ணாடியால் எட்டாவது வட்டத்தை நெடுநேரம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பிறகு, "இது யாரோட முட்டி?" என்றார்.

"என்னோடதுதாங்க. பதினோரு வருஷமா ஒரு படி ஏற முடியாது."

"லிஃப்ட் ஓடலையே. எப்படி வந்தீங்க?"

"படி..." என்று ஆரம்பித்தவர் குனிந்து தன் முட்டியைப் பார்த்தார்.

ஓர் உறுப்பினர் நோட்டைத் திறந்து, மருமகளிடம் மிகுந்த அக்கறையோடு கேட்டார்: "அந்தப் பதினேழாம் பாசிய இவருக்கும் கொஞ்சம் குடுத்தீங்களா?"

திட்டத்துக்கு இன்னும் இரண்டு வருடம் கிடைத்தது. அத்தாட்சி என்பதால் படத்தில் முத்திரை குத்தி அலுவலக அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.

மருமகள் சந்தோஷத்தில் முதலில் மாமியாருக்குத்தான் போன் செய்தாள். "மாமாதான் அத்தை, நேரத்துக்குக் கொண்டுவந்து காப்பாத்தினாரு."

"உன் ரூம் எத்தனாவது மாடி?"

"மூணாவது."

"லிஃப்ட்ல வந்தாரா?"

மருமகள் கொஞ்சம் யோசித்தாள். மாமாவை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. பதினோரு வருடத்தையும் நினைத்துப் பார்த்தாள்.

"லிஃப்ட் ரிப்பேர், அத்தை."

அன்று சாயங்காலம் மாமனார் நாற்காலியில் சாய்ந்திருந்தபோது, ஈரத்துணி வாளி ஒன்று அவர் காலடியில் வந்து உட்கார்ந்தது. பழக்கதோஷத்தில் எழுந்து பீரோ மேல் கையை விட்டுத் துழாவினார். படம் இருந்த இடத்தில் துணிக்கிளிப் டப்பா இருந்தது.