பின்பக்கம் ஒட்டிய எண்

வாசலில் எந்தப் பெண் வாய் திறந்தாலும் மகளின் காது அங்கே ஓடியது. அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து கூடத்தில் கிடத்தி மூன்று மணி நேரமாகிறது. வந்தவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ ஆறுதல் சொன்னார்கள். அவள் சொல்லைக் கேட்கவில்லை, குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரைத் தேடுற?" என்றான் அண்ணன்.

"நேத்து எனக்கு போன் பண்ணவங்கள."

"நம்பரைப் பாரேன்."

"அப்பா போன்லேர்ந்துதானே பண்ணாங்க? அப்பா நம்பர்தான் இருக்கு."

நேற்றுக் காலை பஸ்ஸில் போகும்போது அப்பாவுக்கு நெஞ்சை அடைத்தது. யாரோ ஒரு பெண் அவர் போனிலிருந்து கூப்பிட்டு, எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். மகள் அலுவலகத்திலிருந்து விழுந்தடித்து ஓடியதில் பதினோரு நிமிடம் கிடைத்தது. அப்பா அவளைப் பார்த்தார், "சாப்பிட்டியா?" என்று கேட்டார், அவள் விரலைப் பிடித்தபடியே கண்ணை மூடினார். அந்தப் பதினோரு நிமிடத்தைக் கொடுத்தவளுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் அப்பாவை அனுப்பிவைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

நியாயமாகப் பார்த்தால் அந்த போன் வேற்று ஆளுக்குத் திறந்திருக்கவே கூடாது. மகளுக்கு வங்கியில் வேலை. போனில் ஏமாந்தவர்களின் புகாரைக் கேட்கிற பிரிவு. பூட்டே இல்லாமல் போனை வைத்துக்கொண்டு திரிந்த அப்பாவை ஒரு வருடம் நச்சரித்து, போன மாதம்தான் அவளே உட்கார்ந்து பூட்டுப் போட்டாள். "இந்த நாலு நம்பரை யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்று படித்துப் படித்துச் சொன்னாள். அப்பா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். யாரிடமும் சொல்லவுமில்லை. போனின் பின்பக்கத்தில் எழுதி ஒட்டிவைத்துவிட்டார்.

முப்பது வருடம் மருந்துக் கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்த மனிதர். உப்பு டப்பாவில் 'உப்பு' என்று ஒட்டுவார். டார்ச் லைட்டில் பேட்டரி மாற்றிய தேதியை ஒட்டுவார். போனில் 'திறக்க: 3816'. மகள் இரண்டு முறை கிழித்தெறிந்தாள். மூன்றாவது முறை மேலே செலோடேப்பும் போட்டு ஒட்டினார்.

"இதுக்குப் பூட்டே போட்டிருக்க வேணாம்ப்பா."

"பூட்டு உன் திருப்திக்கு, நம்பர் என் வசதிக்கு. ஆளுக்குப் பாதி."

அந்தக் கோபத்தில் அவள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

மதியம் சீருடையில் ஒரு பெண் தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள். தோளில் கண்டக்டர் பை. "ஆஸ்பத்திரியில விசாரிச்சு வந்தேன்..." என்று அவள் ஆரம்பித்ததுமே மகள் எழுந்துவிட்டாள். அதே குரல்.

கண்டக்டர் அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அடுத்தவங்க போனைத் திறந்தது தப்புதான், மேடம். அவர் விரலை வெச்சுப் பார்த்தேன், வேர்வையில எடுக்கல. என்ன பண்றதுன்னு தெரியாம திருப்பினா, பின்னாடி நம்பர் ஒட்டியிருக்கு. உள்ள 'மகள்'னு போட்டிருந்துச்சு."

"தப்பா?" மகள் அருகில் போனாள். கண்டக்டரின் வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "அக்கா, எங்கப்பா என்னைப் பார்த்துட்டுத்தான் போனாரு. உங்க புண்ணியம். நல்லா இருப்பீங்க."

"எங்கம்மா போனப்ப நான் டூட்டியில இருந்தேன். ட்ரிப் முடிஞ்சுதான் சொன்னாங்க" என்றாள் கண்டக்டர். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அடுத்த ட்ரிப்புக்கு நேரமாச்சு, மேடம்."

"உங்க நம்பர் என்கிட்ட இருக்கணும் அக்கா. அதோ, நாற்காலியில என் போன். நீங்களே போட்டுட்டுப் போங்க."

கண்டக்டர் இடது கையால் எட்டி எடுத்தாள். "பூட்டியிருக்கே" என்று விரல் வைப்பதற்காக அவளிடம் நீட்டினாள்.

மகள் பிடித்த கையை விடவில்லை.

"ஆறு, ஒண்ணு, ஒன்பது, நாலு" என்றாள், கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி.